எம்ஜிபி காரின் தரையில் ஒளிந்திருக்கும் துரு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காட்பாடியில் எங்கள் வீட்டு ஷெட்டில் 1969ஆம் ஆண்டு எம்ஜிபி ஓப்பன் டாப் ஒன்று, பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார், நிற்கிறது. பெரியப்பா சென்னையில் கடற்கரை ஓரம் குடியிருந்தபோது ஓட்டிய வண்டி. அவர் காலத்துக்குப் பிறகு இங்கே வந்தது. சிவப்பு பெயின்ட் அப்போதும் பளிச்சென்றுதான் இருந்தது. டிரைவர் பக்கத்துத் தரை விரிப்பை, அதாவது மேட்டைத் தூக்கிய அன்று, சீட்டுக்குக் கீழே ஷெட்டின் சிமென்ட் தரை தெரிந்தது. சத்துவாச்சாரியில் பட்டறை வைத்திருக்கும் டிங்கர் மேஸ்திரியோடு கூடவே நின்று அதைச் சரிசெய்தேன். அதன்பின் பழைய வண்டி வைத்திருக்கும் பலர் என்னிடம் கேட்டவற்றையும், நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதுகிறேன்.

வேலூரில் வெயில்தானே அதிகம்? கடலும் பக்கத்தில் இல்லை. இங்கே எப்படித் துரு பிடிக்கும்?

துருவுக்குக் கடல் தேவையில்லை. இரும்பு, தண்ணீர், காற்று மூன்றும் ஓரிடத்தில் சேர்ந்தால் போதும். உப்பு சேர்ந்தால் வேகம் கூடும், அவ்வளவுதான். மேட்டுக்கு அடியில் இருக்கும் சணல் பஞ்சு ஒருமுறை நனைந்தால் வாரக்கணக்கில் காயாது. ஐப்பசியில் நனைந்தது தையிலும் ஈரமாக இருந்ததை நான் கையால் பிழிந்து பார்த்திருக்கிறேன். வெளியே வெயில் கொளுத்தினாலும் பஞ்சுக்கு அடியில் தகடு ஈரத்திலேயே ஊறிக்கொண்டிருக்கும். அந்த ஈரத்தோடு சூடும் சேர்ந்தால் துரு வேகமாகப் பிடிக்கும். ஆகவே நம் ஊர் வெயில் காரைக் காப்பாற்றுகிறது என்று நம்பி இருந்துவிடாதீர்கள்.

உப்புக்கும் இங்கே குறைவில்லை. ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று சுற்றிலும் தோல் தொழில். பச்சைத் தோலை உப்புப் போட்டுத்தான் பதப்படுத்தி எடுத்துவருவார்கள். தோல் ஏற்றிய ஒரு பழைய வேனை மேஸ்திரி பட்டறையில் பார்த்தேன். பின்பக்கத் தரை அப்பளம் போல நொறுங்கியது.

மேலே ஒரு குமிழ்கூட இல்லை. உள்ளே துரு இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் மோந்து பாருங்கள். மழைக்கு மறுநாள் கண்ணாடிகளை ஏற்றி வெயிலில் ஒரு மணி நேரம் விட்டுவிட்டுக் கதவைத் திறங்கள். ஈரக்கோணி வாசம் வந்தால் மேட்டை எடுத்தே ஆக வேண்டும்.

பிறகு சீட்டைக் கழற்றுங்கள். எம்ஜிபியில் சீட் ஓடும் ரயிலுக்கு அடியில் நீளமான மரக்கட்டைகள் வைத்திருப்பார்கள். அந்தக் கட்டை தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். எங்கள் வண்டியில் தகடு முதலில் போனது அந்தக் கட்டைக்குக் கீழேதான். சீட் போல்ட்டைத் திருகியபோது நட்டோடு சேர்ந்து ஒரு ரூபாய்க் காசு அளவுத் தகடும் கூடவே சுற்றிக்கொண்டு வந்தது.

தரையில் தார் ஷீட் ஒட்டியிருந்தால் அதையும் சுரண்டி எடுங்கள். அது மேலே நன்றாக இருக்கும். அடியில் தகட்டுக்கும் அதற்கும் நடுவில் ஈரம் புகுந்து, தகடு மட்டும் தின்னப்பட்டிருக்கும். தார் ஷீட்டே தரையாக நிற்கிற வண்டிகள் உண்டு.

அடுத்து சுத்தியலின் கைப்பிடியால் தட்டுங்கள். நல்ல தகடு 'ணங்' என்று பேசும், துருத்தகடு 'பொத்' என்று அடங்கும். சந்தேகம் வந்த இடத்தில் திருப்புளி முனையை வைத்து அழுத்துங்கள். பாவம் பார்க்காதீர்கள். திருப்புளிக்குத் தாங்காத தகடு ஆளையும் தாங்காது. பட்டி பூசி மறைத்திருந்தால் துணி சுற்றிய காந்தம் அங்கே ஒட்டாது. கடைசியாக ராத்திரியில் ஒருவர் அடியில் டார்ச் பிடிக்க, இன்னொருவர் உள்ளே இருட்டில் உட்கார்ந்து பாருங்கள். நாங்கள் அப்படிப் பார்த்தபோது உள்ளே நட்சத்திரம் பூத்த மாதிரி இருந்தது. அடியில் படுத்திருந்த மேஸ்திரி, "இன்னா தம்பி, மேல பாத்தா மாப்ள, கீழ பாத்தா சல்லட" என்றார்.

ஒரு எச்சரிக்கை. இந்தச் சோதனைக்கு முன் ரன்னிங் போர்டின் (கதவுக்குக் கீழே முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை ஓடும் பெட்டி போன்ற பகுதி) நடுவில் இருக்கும் ஜாக்கிப் புள்ளியில் ஜாக்கி போட்டு வண்டியைத் தூக்காதீர்கள். எம்ஜிபியில் அந்த இடம்தான் முதலில் உளுத்துப்போகும். ஜாக்கி மேலே ஏறும், வண்டி ஏறாது.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்றே தெரியவில்லை. டாப் துணி நன்றாகத்தான் இருக்கிறது.

இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காமல் வெல்டிங் வேலையைத் தொடங்காதீர்கள். புதுத் தகடும் அதே வழியில் போய்விடும்.

எங்கள் வீட்டில் கையாண்ட வழி கோலமாவு. மேட்டை எல்லாம் எடுத்து, தரையையும் கால் வைக்கும் சரிவையும் நன்றாகத் துடைத்துக் காயவைத்து, சல்லடையில் கோலமாவை மெல்லிசாகத் தூவினோம். நான் உள்ளே உட்கார, என் தங்கை வெளியே ஹோஸ் பிடித்தாள். முதலில் கண்ணாடி, பிறகு கதவு, கடைசியாகக் கண்ணாடிக்கு முன்னால் இருக்கும் காற்றுச் சல்லடை. மூன்றாவதில்தான் மாட்டியது. ஹீட்டர் பெட்டி பக்கமிருந்து வெள்ளை மாவில் கரும்கோடு போட்டுக்கொண்டு தண்ணீர் இறங்கியது.

எம்ஜிபியில் அந்தச் சல்லடை வழியாக விழும் மழைத் தண்ணீர் ஒரு தொட்டியில் சேர்ந்து, ஒரு ரப்பர் குழாய் வழியாக, இரண்டு சீட்டுக்கும் நடுவே ஓடும் நடு டன்னலுக்குள் இறங்கிக் கீழே போக வேண்டும். குழாய் அடைத்தால் தொட்டி நிரம்பிக் கால் வைக்கும் இடத்துக்குள் வழியும். எங்கள் ஷெட்டுக்கு முன்னால் புளியமரம். அதன் பொடி இலைக்கு எந்தச் சல்லடையும் தடையில்லை. குழாயைப் பிழிந்தபோது கறுப்புச் சேறு பற்பசை மாதிரி வெளியே வந்தது. நம் ஊரில் ஹீட்டர் யாருக்கு வேண்டும் என்று கழற்றி வைப்பவர்களும் இந்தக் குழாயை மறந்துவிடக் கூடாது.

இன்னும் இரண்டு இடங்கள். முன் சக்கரத்துக்குப் பின்னால் ஃபெண்டருக்குள் சேறு அடைந்து, ரன்னிங் போர்டின் முன்முனையை உள்ளிருந்து தின்னும். சீட்டுக்குப் பின்னால் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள் தனித்தனிப் பெட்டியில் தொங்கும். ஆசிட் சிந்தினால் அந்தப் பெட்டிகள் போய்விடும்.

மேலே ஒரு தகடு வைத்து ரிவெட் அடித்து, கீழே தார் பூசினால் போதாதா? பல பட்டறையில் அப்படித்தான் செய்கிறார்கள்.

போதாது. துருவை நடுவில் வைத்து இரண்டு பக்கமும் மூடினால் அது நிற்காது. இரண்டு தகட்டுக்கும் நடுவில் தண்ணீர் புகும், வெளியேற வழி இருக்காது. முன்பிருந்ததைவிட வேகமாகத் தின்னும்.

எங்கள் வண்டிக்கு முன்பு எங்கோ ஒரு பட்டறையில் இதைச் செய்திருந்தார்கள். இடதுபக்க ரன்னிங் போர்டை வெட்டியபோது உள்ளே இன்னொரு ரன்னிங் போர்டு இருந்தது, பழையது. அதற்குள் கோழிவலை, அதன்மேல் ஃபைபர், அதன்மேல் விரல் தடிமனுக்குப் பட்டி, இடுக்கில் திணித்த செய்தித்தாள். மேஸ்திரி அதை ஒவ்வொன்றாக உருவித் தரையில் வரிசையாக வைத்தார். பெரியப்பா அந்த வேலைக்கு முழுக்கூலி கொடுத்திருப்பார் என்று நினைத்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. அந்த வண்டியில்தான் அவர் குழந்தைகளைப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டார்.

துருப்பிடித்ததை வெட்டி எடுங்கள். பளபளக்கும் நல்ல தகடு வரும்வரை வெட்டுங்கள். ஓட்டை காசளவு இருந்தால் வெட்டு பெரும்பாலும் தட்டளவு ஆகும். அதைப் பார்த்து மனம் தளர வேண்டாம்.

ரன்னிங் போர்டு வெறும் அழகுக்குத்தானே? தரையை மட்டும் செய்தால் என்ன?

ஜீப்பையோ லாரியையோ பார்த்துப் பழகிய கண்ணுக்கு அப்படித் தோன்றும். எம்ஜிபிக்குத் தனியாகச் சேஸி கிடையாது. 1962ல் வந்தபோதே பாடிதான் சேஸி என்ற முறையில் செய்தார்கள். அதுவும் ஓப்பன் டாப், மேலே கூரை இல்லை. முன்னையும் பின்னையும் பிடித்து வைத்திருப்பது இரண்டு பக்க ரன்னிங் போர்டும் நடு டன்னலும்தான். ரன்னிங் போர்டு ஒரு தகடும் அல்ல. வெளித்தகடு, நடுத்தகடு, உள்தகடு என்று மூன்று, கீழே தரையின் ஓரத்தோடு ஓடும் ஒரு பெட்டி ரயில். தரைத்தகட்டின் ஓரம் இவற்றோடுதான் பற்றவைக்கப்பட்டிருக்கிறது. ஓரம் போயிருந்தால் இவையும் போயிருக்கும். சேர்த்துத்தான் செய்ய வேண்டும்.

வெட்டும்போது கார் நடுவில் மடங்கிவிடும் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. கண்ணுக்குத் தெரியாத அளவு மடங்கினாலும், வேலை முடிந்த பிறகு கதவு சாத்தாது. அப்புறம் அந்த வண்டி வாழ்நாள் முழுக்க அப்படித்தான்.

எனவே கத்தி வைப்பதற்கு முன்னால் கதவு இடைவெளியை அளந்து எழுதுங்கள். நாங்கள் கதவின் முன்னும் பின்னும், மேல் நடு கீழ் என்று ஆறு இடத்தில் அளந்து சுவரில் பென்சிலால் எழுதிவைத்தோம். அளவுகோலுக்குப் பதில் மேஸ்திரி ஹேக்ஸா பிளேடுகளைச் சேர்த்து அடுக்கிச் செருகிப் பார்ப்பார்: 'இங்க ஆறு பிளேடு, அங்க நாலு.' எனக்கு அது வெர்னியரைவிட நம்பிக்கையாக இருந்தது.

அதன்பின் கதவைக் கழற்றி, கீல் தூணிலிருந்து பூட்டுத் தூணுக்குச் சதுர பைப்பை மேலொன்று கீழொன்று குறுக்கே பற்றவைக்க வேண்டும். வண்டியின் எடை அதன் சக்கரத்திலோ சஸ்பென்ஷன் பிடிமானத்திலோ நிற்க வேண்டும். நடுவயிற்றில் குதிரை ஸ்டாண்ட் போட்டுத் தூக்கக் கூடாது. முன் ஃபெண்டர்கள் போல்ட்டில் இருப்பவை, கழற்றிவிடலாம். அப்போதுதான் ரன்னிங் போர்டின் முன்முனை முழுசாகத் தெரியும். அதைக் கழற்றாமல் வெளியே தெரிகிற அளவுக்கு மட்டும் தகடு மாற்றுவது பாதி வேலை.

ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான். அந்தப் பக்கம் முழுதும் பற்றவைத்து, கதவை மாட்டி, பிளேடு செருகிப் பார்த்து, சுவரில் எழுதிய கணக்கோடு ஒத்துவந்த பிறகே மறுபக்கம். அவசரப்பட்ட ஒரு நாள் நான் கதவை மாட்டாமலே பூட்டுத் தூண் பக்கம் கடைசிப் பற்றுக்களை வைக்கச் சொல்லிவிட்டேன். மறுநாள் கீழ் மூலையில் இரண்டு பிளேடு குறைந்திருந்தது. ஏழு பற்றுக்களைத் துளைத்து எடுத்துத் திரும்பச் செய்தோம்.

என்ன தகடு வாங்குவது? ரெடிமேடாகக் கிடைக்குமா?

தரைக்கு 20 கேஜ் அல்லது 18 கேஜ் சிஆர் ஷீட், அதாவது பூச்சு இல்லாத இரும்புத் தகடு. 20 கேஜ் என்றால் ஏறக்குறைய 0.9 மில்லி, 18 என்றால் 1.2 மில்லி. எங்கள் தரைக்கு 18 போட்டோம். மடிக்கக் கொஞ்சம் கஷ்டம், பற்றவைக்கச் சுலபம், ஓட்டை விழாது. ஜிஐ ஷீட் துருப்பிடிக்காதே என்று கேட்பார்கள். பற்றவைக்கும்போது அதன் துத்தநாகப் பூச்சு எரிந்து வரும் வெள்ளைப் புகை நெஞ்சுக்குக் கெடுதல். ராத்திரி காய்ச்சலும் குளிரும் வரும். பற்றும் சரியாகப் பிடிக்காது. வேண்டாம்.

எம்ஜிபிக்கு ஒரு பாக்கியம் உண்டு. இங்கிலாந்தில் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம் பழைய அச்சுகளையே (டை) பயன்படுத்தி முழு பாடிகூடச் செய்து தருகிறது. ரன்னிங் போர்டு, பெட்டி ரயில் போன்ற வளைவுள்ளவற்றை அப்படி வரவழைப்பது நல்லது; கையால் அடித்தால் அந்த நேர்த்தி வராது. தரை பெரும்பாலும் தட்டையானது, நீளவாட்டில் அழுத்திய வரிப்பள்ளங்கள் மட்டும் இருக்கும். அதை நம் டிங்கர்களே அழகாகச் செய்வார்கள். அந்த வரிகளை விட்டுவிட்டு வெறும் தட்டையாகப் போடாதீர்கள். தகடு முறுக்காமல் நிற்பது அவற்றால்தான்.

எந்த வெல்டிங்? ஆர்க்கா, கேஸா, சிஓடூவா?

சிஓடூ வெல்டிங், அதாவது கார்பன் டை ஆக்சைடு வாயுவின் நடுவே மெல்லிய கம்பியை உருக்கிப் பற்றவைப்பது. ஆர்க்கில் மெல்லிய தகடு உருகி ஓட்டை விழும். கேஸில் கைதேர்ந்தவர் செய்தால் நன்றாக வரும், ஆனால் சூடு பரவித் தகடு அலை அலையாக நெளியும். எதில் செய்தாலும் ஒரே மூச்சில் கோடாக இழுக்கக் கூடாது. இங்கே ஒரு புள்ளி, அங்கே ஒரு புள்ளி, கை வைத்தால் சுடாத அளவு ஆறியபின் அடுத்தது. கம்பெனியில் ஸ்பாட் வெல்டு இருந்த விளிம்புகளில் புதுத் தகட்டில் 6 மில்லி ஓட்டை போட்டு, அதை நிரப்பிப் பற்றவையுங்கள். பழைய பற்று எத்தனை இருந்ததோ அத்தனை.

தீப்பிடிக்கும் என்ற பயம் இருக்கிறது.

இருக்க வேண்டும். பேட்டரியைக் கழற்றி வெளியே வையுங்கள், ஆல்டர்னேட்டர் ஒயரைப் பிரியுங்கள். பெட்ரோல் டேங்க்கைக் கழற்றி ஷெட்டுக்கு வெளியே கொண்டுபோய்விடுங்கள். எம்ஜிபியின் பெட்ரோல் பம்ப் பேட்டரிப் பெட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கும், அதையும். தரைக்கு அடியில் ஓடும் பெட்ரோல் குழாய், பிரேக் குழாய், ஒயர் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். மிச்சமிருக்கும் தார் துண்டு புகையும். பக்கத்தில் ஒரு ஆள், ஒரு வாளி மணல், தீயணைப்பான். வேலை முடிந்ததும் உடனே ஷெட்டைப் பூட்டிக்கொண்டு போகாதீர்கள், ஒரு மணி நேரம் கூடவே இருங்கள். டன்னலுக்குள் ஒளிந்திருந்த பஞ்சு எங்களுக்கு நாற்பது நிமிடம் கழித்துப் புகைந்தது.

துரு கன்வர்ட்டர் பூசினால் வெட்டாமல் தப்பிக்கலாமா?

மேலோட்டமான செந்துருவுக்கு அது நல்ல மருந்து. அதில் பெரும்பாலும் பாஸ்பாரிக் ஆசிட் அல்லது டானிக் ஆசிட் இருக்கும். டானின் நம் ஊருக்குப் புதிதல்ல. ஆவாரம் பட்டையிலும் கடுக்காயிலும் இருப்பது அதுதான், தோல் பதனிட இங்கே காலங்காலமாகப் பயன்பட்டது. கடுக்காய்ச் சாறு இரும்பில் பட்டால் கன்னங்கரேல் என்று ஆகும் அல்லவா? கன்வர்ட்டர் பூசியதும் செந்துரு கறுப்பாவது அதே வேலைதான். ஆனால் அது துருவை மாற்றும், காணாமல் போன தகட்டைத் திரும்பக் கொண்டுவராது. ஏடு ஏடாக உரியும் துருவின் மேல் பூசினால் மேல் ஏடு மட்டும் கறுக்கும், அடி ஏடு தின்றுகொண்டே இருக்கும். ஒயர் பிரஷ் போட்டு, உறுதியான தகடு மிஞ்சினால் மட்டும் பூசுங்கள்.

பூச்சு எந்த வரிசையில்? எந்த மாதத்தில் செய்வது?

பற்றவைத்த இடத்தைத் தேய்த்து, தின்னரில் துடைத்து, இரண்டு பக்கமும் எபாக்சி பிரைமர். வெறும் ரெட் ஆக்சைடு போதாது. அது காய்ந்தபின் இணைப்புகளில் சீம் சீலர், மேலே பெயின்ட், அடிப்பக்கம் ரப்பர் கோட்டிங். ரன்னிங் போர்டின் பெட்டிக்குள் கடைசியாக மெழுகு ஸ்ப்ரே. இதை முதலிலேயே அடித்துவிட்டுப் பிறகு பற்றவைத்தால் எரியும். ரன்னிங் போர்டின் அடியில் தண்ணீர் வெளியேறும் துளைகள் இருக்கும். கோட்டிங் அடிக்கும்போது தீக்குச்சி செருகி வைத்துவிட்டு முடிந்ததும் பிடுங்குங்கள்.

மாதம் என்றால் தை, மாசி, பங்குனி. மழைக்காலத்தில் மாலை தேய்த்துப் பளபளவென்று விட்ட தகடு காலையில் பழுப்பாகியிருக்கும். கத்திரி வெயிலில் கலந்த எபாக்சி டப்பாவிலேயே இறுகிவிடும். அப்போது செய்தே ஆக வேண்டும் என்றால் விடியற்காலையில் செய்யுங்கள்.

2021 நவம்பர் வெள்ளத்தில் என் வண்டிக்குள் தண்ணீர் ஏறியது. கழுவிவிட்டேன். வேறு ஏதாவது?

பாலாற்றில் அந்த வருடம் வந்த தண்ணீரோடு வண்டலும் வந்தது. கழுவும்போது போவது கண்ணுக்குத் தெரியும் வண்டல் மட்டும். ரன்னிங் போர்டு துளைக்குள் ஒரு கம்பியை விட்டு நோண்டிப் பாருங்கள். மண் கொட்டினால் அது நிற்கும்வரை ஹோஸ் விட்டு அலசி, காற்றடித்துக் காயவையுங்கள்.

என்னிடம் இருப்பது ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இதே முறையா?

இல்லை. சென்னையில் 1961 முதல் தயாரான ஹெரால்டுக்குத் தனிச் சேஸி உண்டு, பாடி அதன்மேல் போல்ட்டில் உட்கார்ந்திருக்கிறது. தரைத்தகட்டை மட்டும் பார்த்துவிட்டு விட்டுவிடாதீர்கள். சேஸியிலிருந்து பக்கவாட்டில் கைபோல நீளும் குறுக்குக் கம்பங்களும், பாடி உட்காரும் இடங்களும்தான் முதலில் உளுக்கும். கான்டெஸா தனிச் சேஸி இல்லாதது. எம்ஜிபிக்குச் சொன்ன எச்சரிக்கை அதற்கும் பொருந்தும். கூரை இருப்பதால் கொஞ்சம் தாங்கும்.

தகடு மாற்றினால் ஆர்சியில் சிக்கல் வருமா?

2021ல் வந்த விதிப்படி 50 வருடம் கடந்த வண்டிகளை வின்டேஜ் என்று பதிவு செய்யலாம். வண்டி முதல் வடிவத்திலேயே இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஆகவே அதே வடிவம், அதே இடம், அதே பற்று. சேஸி நம்பர் தகட்டைத் தொடாதீர்கள். வெட்டும் முன், வெட்டிய பின், மூடும் முன் என்று படம் எடுத்து வையுங்கள். வேலை தொடங்கும் முன்பே ஆர்டிஓ ஆபீசில் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

எத்தனை நாள் ஆகும்?

எங்களுக்கு இரண்டு பக்கமும் சேர்த்து நாற்பத்தாறு வேலைநாள். அதில் பற்றவைத்த நாட்கள் பன்னிரண்டு. மிச்சமெல்லாம் சுரண்டியதும் அளந்ததும் கதவை மாட்டிக் கழற்றியதும். நாள்கூலிக்குப் பேசுங்கள். மொத்தமாகப் பேசினால் மேஸ்திரி எவ்வளவு நல்லவரானாலும் அளக்கும் நேரம்தான் முதலில் குறையும்.

மேட்டை எப்படித் திரும்பப் போடுவது?

பசை போட்டு ஒட்டாதீர்கள். சணல் பஞ்சும் வேண்டாம். ரப்பர் மேட்டைச் சும்மா விரித்துவிடுங்கள், சீட் கட்டைகளுக்கு வார்னிஷ் அடித்துப் போடுங்கள். நான் ஐப்பசி மழை முடிந்ததும் ஒருமுறை, ஆடிக் காற்று ஓய்ந்ததும் ஒருமுறை மேட்டைத் தூக்கிப் பார்க்கிறேன். அப்போதே அந்த ஹீட்டர் குழாயையும் ஒருதரம் பிழிந்துவிடுவேன். போன தடவையும் புளிய இலை இருந்தது.